கூர்முனை எந்தப் பக்கம்

ஃபேனை ஒரு பாயிண்ட் கொறைச்சா நல்லது சார். எனக்காக இல்ல, உங்க பேப்பர் பறக்குது.

என் பேரு சண்முகவேல். காலடிப்பேட்டையில மோதிரத்துக்குக் கல் பதிக்கிற வேலை. இருபத்தாறு வருஷத்துல நான் பதிச்ச கல்லு ஒண்ணுகூட கீழ விழுந்ததில்ல. அதை மொதல்ல எழுதிக்கோங்க.

பொங்கல் முடிஞ்ச வாரம் ராயபுரத்துலேர்ந்து ஜெரியும் அவன் சம்சாரம் ஜானட்டும் வந்தாங்க. ஜெரியோட தாத்தா கப்பல்ல சமையல்காரரு. பெல்ஜியத்துல அவர் வாங்கின பழைய வைர மோதிரம் கொண்டாந்தாங்க. இதயம் மாதிரி வெட்டின கல்லு. மிஷின் இல்லாத காலத்துல கையால பட்டை தீட்டினது, ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்காது. அடிமுனையையும் கொஞ்சம் தட்டையா வெட்டியிருப்பாங்க. மேலேர்ந்து பாத்தா நடுவுல ஓட்டை கீற மாதிரி தெரியும். "இன்னா மாமு, தாத்தா என் தலையில ஓட்டை வைரத்தைக் கட்டிட்டாரா"ன்னு ஜெரி சிரிச்சான். நல்ல பையன் சார், பொய் சொல்லக் கூடாது.

இதயத்தோட கூர்முனையைக் கவ்விப் பிடிக்கிற பல்லு ஒடைஞ்சிருந்துச்சு. புதுசா வச்சேன். குடுக்கும்போது ஒரு விஷயம் சொன்னேன். வெள்ளைக்காரங்க சில ஊர்ல, கூர்முனை மணிக்கட்டைப் பாத்துகினு இருந்தா மனசை ஒருத்தருக்குக் குடுத்தாச்சுன்னு அர்த்தம். விரல் நுனியைப் பாத்தா, இன்னும் குடுக்கலைன்னு அர்த்தம். ஜானட் சிரிச்சுகினே மணிக்கட்டுப் பக்கமா போட்டுக்கிச்சு.

பத்து நாள் கழிச்சு ஜானட்டை மார்க்கெட்டுல பாத்தேன். கூர்முனை விரல் நுனியைப் பாத்துகினு இருந்துச்சு. அடுத்த வாரமும் அப்படியே. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. அர்த்தம் தெரிஞ்சது எங்க மூணு பேருக்குத்தான். ஜெரி கண்டுக்கவே இல்ல. அப்ப அது யாருக்குச் சொல்லுது? "நல்லா கீறீங்களாண்ணே"ன்னு கேட்டுச்சு. அண்ணேன்னுதான் கூப்பிடும். நாலு பேர் முன்னால வேற எப்படிக் கூப்பிட முடியும்?

நாலு மாசம் பொறுத்தேன். பொம்பளை வாய்விட்டுக் கேக்காது, நாமதான் புரிஞ்சுக்கணும்.

ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஜெரியைத் தூண்டில் போடக் கூட்டிக்கினு போனேன். எண்ணூர்ல, கடலோரம் கொட்டி வச்ச கருங்கல்லு மேல உக்காந்தோம். பட்டப்பகல். வூட்லேர்ந்து கொண்டாந்த இட்லியில எனக்குப் பாதி குடுத்தான். சாப்ட்டுட்டு, கை கழுவ குனிஞ்சான். முதுகுல கை வச்சேன். அலை அவனை ரெண்டு தடவை கல்லுகிட்ட கொண்டாந்துச்சு. ரெண்டாவது தடவை என் பேரைச் சொல்லி கையை நீட்டினான். நான் டிபன் டப்பாவை மூடிகினு இருந்தேன். ஜானட்டோட டப்பா, தொலைஞ்சிரக் கூடாது இல்லியா.

அதைத் திருப்பிக் குடுக்கப் போனப்பதான் நீங்க என்னைப் பிடிச்சீங்க.

மோதிரத்தை ஏம்மா திருப்பிப் போட்டேன்னு நீங்க ஜானட்டைக் கேட்டீங்களாமே. கையை ஊனும்போதெல்லாம் அந்தப் பல்லு குத்துச்சு, சொன்னா அண்ணன் மனசு கஷ்டப்படும்னு சொல்லலைன்னுச்சாம். பயத்துல பேசுது சார். இன்னொரு வாட்டி பொறுமையா கேளுங்க.

ஜெரியைத் தள்ளினது நான்தான். எங்க கையெழுத்துன்னு காட்டுங்க, போடறேன். ஆனா நான் வச்ச பல்லு குத்தாது சார்.