கண்ணபுரத்துச் சந்தையில் கை செய்த துரோகம்

…இந்தக் கையாலதானுங்க என்ற குடியே கெட்டுது. சித்தெ தள்ளி உக்காருங்க. போத்தனூர்ல ரயிலேறுனவனெல்லாம் பாதிப் பலகைய மூட்டைக்கே குடுத்துப்போடறான். உங்களச் சொல்லலீங்க, உங்களுது சின்ன மூட்டை. எதுவரைக்கும்? ஆனைமலைக்குங்களா? நல்லதாப் போச்சு, நானும் அங்கதான்.

நான் வெள்ளகோவில் செங்கோட்டையனுங்க. கேள்விப்பட்டிருப்பீங்களே… இல்லீங்களா? அதுசெரி. என்ற மயிலைக்காளையவாவது கேள்விப்பட்டிருப்பீங்க. அதுவும் இல்லியா? அந்தக் காளைய இந்தக் கை வித்துப்போட்டுதுங்க. நான் விக்கலீங்க, கைதான் வித்துது. சிரிக்காதீங்க. டாக்டரே ஒத்துக்கிட்டாரு.

கோயமுத்தூர்ல சத்தியசீலன்னு ஒரு டாக்டருங்க. வேதக்காரரு, தங்கமான மனுசன். ஆனா ஒண்ணு கேட்டா ஒம்பது சொல்லுவாரு, எனக்கு இந்த வளவளன்னு பேசறவங்களக் கண்டாலே ஆகாது. வெரல்ல சதையே இல்லையாமா. மடக்கற சதையெல்லாம் முழங்கைக்குக் கீழ உக்காந்துக்கிட்டு, அங்கிருந்து கயிறு கட்டி இழுக்குதாமா. நீங்களே வெரல மடக்கி, இந்தா, இங்க தொட்டுப் பாருங்க. உள்ளார எலி ஓடற மாதிரி அசையுதுங்களா? அதேதான்.

இதுல கூத்து என்னன்னா, சதைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாதாமா. அதனால எல்லா வேலைக்கும் ரெண்டு ஆளு. இந்தப் பக்கம் சுருங்குனா வெரல் மடங்கும். விரியோணும்னா அந்தப் பக்கம் சுருங்கோணும், அதுக்கு இவன் விட்டுக்குடுக்கோணும். குடுப்பானுங்களா? எங்க பங்காளிக கெணத்துக்குத் தண்ணி முறை பேசற மாதிரித்தான்.

செரி, என்ற கை ஏன் விட்டுக்குடுக்கலேன்னு டாக்டரக் கேட்டேன். களைச்சுப்போச்சுன்னாரு. சதைக்கு ரத்தந்தான் தீனி. புடிச்சுப் புடிச்சு உட்டா, உடற நேரத்துல ரத்தம் ஓடித் தீனி போடும், குப்பையக் கூட்டிட்டுப் போவும். உடாமப் புடிச்சா, ரத்தம் வர்ற கொழாய சதையே நசுக்கிப்போடுது. தீனி வராது, குப்பை போவாது, மோரு புளிக்கற மாதிரி உள்ளாரயே ஒரு புளிப்புச் சேந்துபோவுது. அப்பறம் அது சொன்ன பேச்சுக் கேக்காது. களைச்ச சதைக்குச் சுருங்கவும் தெம்பில்லே, பட்டுனு விரியவும் தெம்பில்லே. சில நேரம் அப்படியே குறக்களி புடிச்சு, இழுத்த இழுப்புலயே இறுகி நின்னுக்குமாமா. இதுக்கு நானென்னங்க பண்ணுவேன்?

எதை அப்படிப் புடிச்சேனா? காளைக் கயித்தத்தானுங்க. கண்ணபுரத்து மாட்டுச்சந்தைக்கு நானே நடத்திக் கூட்டிப்போனேன். கயித்தைக் கையில சுத்தி, இறுக்கி, வெள்ளகோவில்லிருந்து சந்தைவரைக்கும் ஒரே புடி. பண்ணையத்தாளு ‘சித்தெ குடுங்க’ன்னான், குடுக்கலே. முரட்டுக்காளைங்களா, செங்கோட்டையன் கைக்குத்தான் அடங்கும்னு ஊரே பேசோணுமில்லீங்க.

முரடான்னு கேக்கறீங்களா? அது… சாதுங்க. கொழந்த புடிச்சாலும் பின்னாலயே வரும். அது இழுக்கவே இல்லீங்க. நாந்தான் இழுத்தேன். வழியில நாலு பேரு பாத்தாப் போதும், தலையக் கொஞ்சம் திருப்பி உட்டு, ‘ஓ, ஓ’ன்னு அடக்கறாப்புல… அட, அத உடுங்க. சந்தைக்கு வாங்க.

விக்கறதுக்கில்லீங்க போனது. சாமி சத்தியமா விக்கறதுக்கில்லே. எத்தன பேரு வாயப் பொளக்கறாங்கன்னு பாக்கத்தான். உங்க ஆனைமலை சென்னகிருஷ்ண நாயுடு வந்து நின்னாரு. தரகன் துண்டை விரிச்சான். எங்க பக்கத்து வழமை தெரியுமில்லீங்க? துண்டுக்கடியில கை போச்சுன்னா வெரலுதான் வெலை பேசும், வாய் வெலை சொல்லப்படாது. வெலை புடிக்கலேன்னா கைய உருவிக்கோணும். புடிச்சபடியே இருந்தாச் சம்மதம். எவ்வளவுதான் மதிக்கறாரு பாப்போம்னு நானும் கைய உட்டேன். வெரல அமுத்துனாரு. நல்ல வெலைதானுங்க, பொய் சொல்லக்கூடாது. மனசுக்குள்ள சிரிச்சுக்கிட்டுக் கைய உருவுனேன்… வல்லே. வெரலு அவரு கைமேல மடங்கி, குறக்களி புடிச்சுக் கல்லாட்ட நின்னுபோச்சு.

தரகன் கொஞ்ச நேரம் பாத்தான். துண்டை எடுத்தான். சுத்தி நின்னவங்க பூராம் பாக்கறாங்க, நான் நாயுடு கையப் புடிச்சுக்கிட்டு நிக்கறேன். ‘இத்தன ஆசையாப் புடிச்சுட்டாரப்பா, முடிஞ்சுது’ன்னு சொல்லிப்போட்டான். அவ்வளவுதானுங்க. பழைய கயித்த அவுத்து என்ற தோள்ல போட்டுட்டு, புதுக்கயித்துல காளையக் கூட்டிப்போயிட்டாங்க. அது திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போச்சுங்க. வெறுங்கயித்தோட நான் ஊடு வந்ததப் பாத்ததிலிருந்து என்ற ஊட்டுக்காரி சின்னாத்தா என்றகூடப் பேசறதில்லே. காளை நின்ன கட்டுத்தறிகிட்டத்தான் பேசறா.

என்னங்க? …வாய் இருந்துதேங்கறீங்களா?

டாக்டரு கூட இதக் கேக்கலீங்க. இருந்துதுங்க. வெலைதான் சொல்லப்படாதே தவிர, ‘ஏனுங்க, கை குறக்களி புடிச்சுப்போச்சு, சித்தெ நீவி உடுங்க’ன்னு சொல்லியிருக்கலாம். நாயுடு நல்ல மனுசன், அவரே நீவி உட்டிருப்பாரு. ஆனா அத்தன கூட்டத்துல, முரட்டுக்காளைய ஒத்தக் கையில அடக்கிக் கொண்டாந்தவன், கை ஓஞ்சுபோச்சுன்னு எப்படீங்க சொல்றது? அதவிடக் காளை போனாப் போவட்டும்னு நின்னுட்டேன். கை அப்பறம் தானா விரிஞ்சுதுங்க. அதுக்குள்ள காளை சந்தைத் தோப்பத் தாண்டிப்போச்சு.

போன மாசமும் நாயுடு தோட்டத்துக்குப் போனேன். மழை பேசுனேன், தேங்கா பேசுனேன், இந்தச் சதைக் கதைய முழுசாச் சொன்னேன். கேட்டுக்கிட்டே காப்பி குடுத்தாரு. காளைய வெளியில கட்டியிருந்தாங்க, என்ற கைய நக்குச்சு. அதத் திருப்பிக் குடுங்கன்னு மட்டும் வாயில வல்லீங்க.

அதனாலதான் உங்களப் பாத்ததும்… உள்ளூர்க்காரரு, நீங்க ஒரு வார்த்த நாயுடுகிட்டச் சொன்னீங்கன்னா, நான் வேலியோரமா நின்னுக்கறேன். ஏனுங்க, மூட்டைய எதுக்கு எடுக்கறீங்க? இது கிணத்துக்கடவுங்க. ஆனைமலைன்னுதானே சொன்னீங்க… பாத்து எறங்குங்க, படி உசரம். பரவால்லீங்க, போயிட்டு வாங்க. நானே கேட்டுக்கறேன்.

கேக்கமாட்டேங்க. எனக்கே தெரியும்.