ரிலீவர் வந்தாச்சு

— ஏங்க, ஃப்ரிட்ஜ் ஏன் சத்தமே போடல?

— ஃப்யூஸ் புடுங்கிட்டன் காந்திமதி.

— எப்போ?

— காலையில பேப்பர் படிச்ச கையோட. வூட்டுக்கே புடுங்கிட்டன்.

— உள்ள பால் வச்சிருக்கேன். கெளம்புறதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரு காபி குடிக்கலாம்னு. அது இந்நேரம் தயிராவே ஆயிருக்கும். எங்க அந்த ஃப்யூஸ்?

— எம் பாக்கெட்ல.

— பாக்கெட்ல எதுக்கு?

— ரூல்னா ரூல். மைன்ஸ்ல மிஷினுக்கு அடியில எறங்குறவன் ஃப்யூஸ புடுங்கி தன் பாக்கெட்ல போட்டுக்கினுதான் எறங்குவான். தெரியாத்தனமா எவனாச்சும் சுவிட்ச போட்டுட்டா ஆளு காலி.

— நம்ம வீட்டுக்கு அடியில யாருங்க எறங்கப் போறா? சிக்கிம் வரைக்கும் ஃப்யூஸும் நம்மகூட வருதா? அதுக்கு நான் டிக்கெட் போடலையே.

— கிண்டல் பண்ணாத. எல்லா குழாயும் தொறந்து பாத்து மூடிட்டன். தண்ணி வராத நேரத்துல தொறந்து வுட்டுட்டுப் போயி, வந்து பாத்தா வூடு குளமா கெடந்த கதைய நம்ம பிளாக்லயே பாத்துருக்கோம்.

— சரி, அப்புறம்?

— அலமாரி மேல இருந்த பாத்திரத்தையெல்லாம் கீழ எறக்கி வச்சிட்டன். மத்தியானம் மைன்ஸ்ல வெடி போட்டா ஜன்னல் அதிருது இல்ல, ஒண்ணொண்ணா ஓரத்துக்கு நவுந்துக்கினே வரும். நாம இருந்தா உள்ள தள்ளி வைக்கிறோம். இல்லாதப்ப?

— சரி, அப்புறம்?

— பலாமரத்துல தாழ இருக்குற ரெண்டு காய்க்கு கோணி கட்டிட்டன். அணில் வுடாது.

— நல்லது. கேஸ்?

— மூடிட்டன். ஏன் கேக்குற?

— ஏன் கேக்கறேனா? ராமேஸ்வரம் போறேன்னு கெளம்பி, விருத்தாசலம் ஸ்டேஷன்ல எறங்கி, ‘கேஸ மூடினனா தெரியல’ன்னு பஸ் புடிச்சி திரும்பி வந்த மனுஷன் யாரு? கேஸ் மூடித்தான் இருந்தது. ரயில் போயிருச்சி. அதுக்கு முந்தி மைசூருக்குப் போனப்ப?

— அன்னைக்கு எனக்கு மனசு சரியில்ல.

— பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூட மனசு வரல, பாதியில திரும்பிட்டீங்க. இங்க பாருங்க, ஊர் சுத்திப் பாக்க ஆபீஸ்ல குடுக்கற எல்.டி.சி.யை எத்தனையோ தடவை விட்டுட்டேன். ஆபீஸ்ல கூட வேலை செய்றவங்க எல்லாம் காஷ்மீரு அந்தமான்னு போட்டோ காட்டறாங்க. நான் தெனமும் நெய்வேலி ஆர்ச்சையே பாத்துட்டிருக்கேன். எனக்கு பனியத் தொட்டுப் பாக்கணும். இந்தத் தடவ நீங்க பாதியில எறங்கினா நான் எறங்க மாட்டேன். தனியாவே போயிட்டு வருவேன். வெளையாட்டுக்கு சொல்லல.

— நான் எங்க வரமாட்டன்னேன்? ரிலீவர் வந்துட்டா கெளம்பிடுவன்.

— வந்துருச்சா அந்த வார்த்தை.

— ஆமா. மிஷின வுட்டு எறங்கணும்னா மேல ஏற ஆள் வேணும். வரலன்னா நீ எறங்கக்கூடாது, அடுத்த ஷிப்டையும் நீயே ஓட்டணும். மண்ணு வெட்டுற பக்கெட் வீல் ஒரு நிமிசம் நின்னாலும் கேள்வி கேப்பான். அப்புடியே பழகின ஒடம்பு இது.

— ஒடம்பு தை மாசமே ரிட்டையர் ஆயிருச்சுங்க. இந்த குவார்ட்டர்ஸ் இப்ப என் பேருல இருக்கு. ஒப்படைக்கிறதுன்னா நான்தான் ஒப்படைக்கணும். பக்கத்து வீட்டு பொற்கொடி, ‘சாவிய குடுங்கக்கா, வெளக்கேத்தி, செடிக்குத் தண்ணி ஊத்திப் பாத்துக்கறேன்’னு தானா வந்து சொல்லிச்சு. நீங்க அதுகிட்ட என்ன கேட்டீங்க?

— சார்ஜ் எடுக்கத் தெரியுமான்னு கேட்டன்.

— ஸ்கூல்ல கணக்கு டீச்சரா இருக்கு அந்தப் பொண்ணு. முழிச்சிக்கிட்டு நின்னுது.

— நல்ல பொண்ணுதான். ஆனா மிஷின்ல என் ரிலீவரா இருந்த ராஜாங்கம் மாதிரி வராது. அவன் வர்றன்னு சொல்லியிருக்கான், வருவான். அவன் கைல குடுத்துட்டா எனக்குத் தூக்கம் வரும்.

— அப்ப அண்ணன் இந்த வீட்டுல ஃபேன் இல்லாம, லைட் இல்லாம வேர்த்துக்கிட்டு கிடப்பாரா? வைகாசி வெயில்ல?

— அட, ஆமா இல்ல.

— ஃப்யூஸப் போடுங்க.

— போடுறன், போடுறன். …போட்டாச்சு. வந்துட்டான் பாரு, வண்டிச் சத்தம் கேக்குது. வாடா ராஜாங்கம். இன்னைக்கும் லேட்டா?

— அட வுடுப்பா. வடக்குத்துலேருந்து வரணும் இல்ல. கேட்டுல மாட்டுக்கூட்டம் வேற குறுக்கால படுத்துக்கினு இருந்துது. வணக்கம் தங்கச்சி, காபி இருக்குதா?

— வாங்கண்ணே. பாலு திரிஞ்சாச்சு. கட்டஞ்சாயாதான்.

— அது போதும்.

— சர்வீஸ் பூரா கால் மணி நேரம் லேட்டா வந்தவன்டா நீ. ஒனக்காக நான் மிஷின் மேல காத்துக்கினு ஒக்காந்த நேரத்த மட்டும் சேத்து வச்சா, ஒரு வருசம் முன்னாடியே ரிட்டையர் ஆயிருப்பன்.

— லேட்டா வந்தன், வராம இருந்தனா? கொட்டுற மழைல, பந்த் அன்னைக்கு, தீவாளி அன்னைக்கு? சொல்லு.

— வராம இருந்ததில்ல.

— அவ்ளோதான். அட வுடு.

— இது இன்னாடா கால்ல, புது கேன்வாஸ் ஷூ? வூட்டக் காவல் காக்குறதுக்கு ஷூவா?

— குதிகால் வலிடா. டாக்டரு போடச் சொன்னாரு.

— பை ஏன் இம்மாம் பெருசு?

— மாசம் பூரா இருக்கணும்னா லுங்கி, துண்டு வேணாமா? நீ வேட்டிய வுட்டுட்டுப் போனா நான் கட்டிக்குவனா?

— ஏங்க, வந்தவர உக்காரக்கூட விடாம விசாரணை பண்றீங்க. அண்ணே, டீ எடுத்துக்குங்க. எங்க கல்யாண ஆல்பத்த நேத்து பீரோவுல உள்ள வைக்கறப்ப பாத்தேன். உங்களத் தேடினேன், ஒரு போட்டோவுலயும் இல்ல.

— எப்புடி இருப்பன்? அவன் மணவறையில ஒக்காந்தா, அவன் சீட்ல நான் ஒக்காரணும் இல்ல. தாலி கட்ற நேரத்துக்கு நான் மிஷின் மேலேருந்து ஹாரன் அடிச்சன். மண்டபத்துக்கு கேட்டுருக்காது.

— எனக்குச் சொல்லவே இல்லையேடா நீ.

— நீ எறங்கினா நான் ஏறுவன். நான் எறங்கினா நீ இருக்க மாட்ட. ஏணியில நடுவுல பாத்துக்குவோம். பெல்ட்டு சரியா ஓடுது, வலது பக்கம் சத்தம் வருது, பாத்துக்க, வரட்டா. அதுக்குள்ள எங்க கத பேசறது?

— ராஜாங்கம்.

— ம்.

— ருக்குமணி போனப்ப நான் வரல. எடுக்குற நேரத்துக்குக்கூட வரல. அது மனசுல கெடக்குதுடா எனக்கு.

— அட பைத்தியக்காரா. நீ மிஷின் மேல ரெண்டு ஷிப்டு ஓட்டினதாலதான் நான் எம் பொஞ்சாதி பக்கத்துல ஒக்காந்துக்கினு இருந்தன். கடைசி வரைக்கும் கையப் புடிச்சிக்கினு இருந்தன். ஊர்ல எல்லாம் மாலையோட வந்தாங்க. நீ ஒருத்தன்தான் எனக்கு நேரம் குடுத்த. அதுக்கு எனக்குக் கோவமா வரும்?

— இத்தன நாளா இது தெரியாம போச்சேடா.

— டீ ஆறுது, குடி. சார்ஜ் குடு, நேரமாவுது. வண்டி எப்ப தங்கச்சி?

— இதோ, டிரைவர் சிவசங்கர் போன் பண்ணிட்டாரு. ரவுண்டானாகிட்ட வந்துட்டாராம். உங்க ரெண்டு பேருக்கும் கண்ணு கலங்கினா தொடச்சிக்கிட்டு சீக்கிரமா முடிங்க.

— எவனுக்குக் கலங்குது? கட்டஞ்சாயா ஆவி. எழுந்துரு ராஜாங்கம். எல்லாம் நடந்து காட்டித்தான் குடுப்பன்.

— நட.

— இது கேஸு. மூடியிருக்குது. தொட்டுப் பாரு.

— தொட்டுட்டன்.

— பின்கதவுத் தாழ்ப்பா இழுத்தா வராது, மேல தூக்கி இழுக்கணும். பக்கத்து பிளாக்குப் பூனை ஒண்ணு வரும், பேரு கெடையாது. சோறு வச்சா தெனமும் வரும், வைக்கலன்னா மொறைக்கும்.

— வைக்கிறன்.

— அரிசி டப்பாவ காலி பண்ணாம அடியில கொஞ்சம் வச்சிருக்கோம். அதத் தொடாத. வூட்ட வுட்டுப் போறப்ப டப்பா தொடச்சி வைக்கக்கூடாதுன்னு காந்திமதி சொல்லுவா.

— தெரியும்பா. எங்க வூட்லயும் அப்புடித்தான் வச்சிட்டு வந்தன்.

— நீ ஏன்டா ஒங்க வூட்ல வச்ச? நீ இங்கதான இருக்கப்போற, சைக்கிள்ல போனா பத்து நிமிசம்.

— அண்ணே, பலாமரத்தப் பாத்தீங்களா? எத்தினி காய் பாருங்க.

— அட, ஆமாம்மா. காடாம்புலியூர் பலாத்தோப்பே தோத்துது.

— அங்க வா, காட்டுறன். கோணி கட்டியிருக்கு பாரு. வாசனை வந்த அன்னைக்கே அறுத்துடணும். மறுநாள் ஆச்சுன்னா கீழ வுழுந்து வெடிச்சிரும். பொற்கொடி வூட்டுக்கு ஒண்ணு குடு. அவ கேக்கமாட்டா, வேலிக்கு அந்தப்பக்கம் நின்னு மோந்துக்கினே இருப்பா.

— சரி. அவ்ளோதானா?

— அவ்ளோதான். இந்தா சாவி. சொல்லு.

— இன்னாத்த சொல்றது?

— சொல்லாம எப்புடி எறங்குறது? ரூல்னா ரூல்.

— சார்ஜ் எடுத்துக்கினன். வூடு என் பொறுப்பு. நீ எறங்கு.

— அப்பாடி. காந்திமதி, இப்பதான்டி நெஞ்சுக்குள்ள காத்து போவுது. பொட்டிய எடு. இப்ப எவன் கூப்புட்டாலும் திரும்பிப் பாக்க மாட்டன். இமயமலைக்கே போலாம்.

— அங்கதாங்க போறோம்.

— வண்டி வந்துட்டுது. சிவசங்கர், டிக்கிய தொற தம்பி. ராஜாங்கம் எங்க போயிட்டான்?

— வேலிகிட்ட பொற்கொடியோட பேசிட்டிருக்காரு. நீங்க உள்ள ஏறி உக்காருங்க. ஜன்னல் பக்கம் வேணாம், நடுவுல.

— நடுவுல ஏன்? நாம ரெண்டு பேருதான.

— ஏறுங்கன்னா.

— ஏறிட்டன். …ஏய், அவன் கதவப் பூட்றான் பாரு. உள்ள இருக்குறவன் எதுக்கு வெளிய பூட்டணும்?

— உங்கள வழியனுப்ப ரோடு வரைக்கும் வராரு போல.

— வரட்டும். சிவசங்கர் ஏன் அவன் பையத் தூக்கி டிக்கில வைக்கிறான்? தம்பி, அது நம்ம பை இல்ல.

— நம்ம பைதாங்க.

— டேய் ராஜாங்கம், நீ ஏன்டா இந்தப் பக்கம் ஏறுற? வூட்ட யார்ரா பாக்குறது?

— பொற்கொடி.

— அவளுக்கு சார்ஜ் எடுக்கத் தெரியாதுடா.

— எடுத்துக்கிட்டா. நீ காட்டினத அப்புடியே வேலிகிட்ட நின்னு அவளுக்குச் சொல்லிட்டன், பூனை உள்பட. இப்ப பூட்டிட்டு சாவியையும் அவ கைல குடுத்துட்டன். ‘வூடு என் பொறுப்பு’ன்னு அழகா சொன்னா.

— காந்திமதி, நீயும் கூட்டா?

— அண்ணன் கைல குடுத்தாதான் நீங்க எறங்குவீங்க. வேற யாருகிட்டயும் எறங்க மாட்டீங்க. அதனால அண்ணன வரச்சொன்னேன். ரிட்டையர் ஆகி ஒரு மாசமா, மெஸ்ஸுல சாப்புட்டுட்டு அந்த வீட்டுல ஒத்தையா உக்காந்திருக்காரு. அவருக்கும் டிக்கெட் போட்டுட்டேன், மூணு பேருக்கும் ஒரே பெட்டி. உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா, வீட்ட யாரு பாக்கறதுன்னு நீங்க வரமாட்டேம்பீங்க.

— நான் எறங்குறன். ஒரே ஒரு தடவ போயி பாத்துட்டு வந்துடறன்.

— எறங்கக்கூடாது. சார்ஜ் குடுத்தவன் திரும்பி மிஷின் மேல ஏறக்கூடாது. ரூல்னா ரூல்.

— டேய், ஏமாத்திட்டியேடா.

— அட வுடு சாமிக்கண்ணு. சர்வீஸ் பூரா நீ எழுந்து போன சீட்ல, ஒன் சூடு ஆறுறதுக்குள்ள நான் ஒக்காந்துருக்கன். ஒன் பக்கத்துல ஒரு நாளும் ஒக்காந்ததில்லடா. கொஞ்சம் நவுரு.