பிரேமினியின் வலைக்கு நான் வழிகாட்டி

படிப்பின் மேல் எனக்கு எப்போதும் ஆசை உண்டு, இன்ஸ்பெக்டர் ஐயா. படிப்புக்குத்தான் என் மேல் ஆசை வந்ததில்லை. உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றைப் பார்த்துவிட்டு எங்கள் அப்பா, "பரவாயில்லடா அலோசியஸ், பரீட்ச மண்டபம் எங்க இருக்குன்னு கண்டுபிடிச்சுப் போய்ட்டியே, அது போதும்" என்றார். ஆகவே, தலை நரைத்த பிறகு கம்பெனிச் செலவில் ஒரு டிப்ளோமா வருகிறது என்றதும் நான்தான் முதலில் கை தூக்கினேன். மற்ற உத்தியோகத்தர்கள் அந்த நேரத்தில் தங்கள் சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புத்தாக்கக் குழுக்களை வழிநடத்துவது எப்படி என்பதுதான் பாடம். ஒவ்வொரு தேயிலைத் தோட்டத்துக்கும் ஒரு குழு. அது புதிதாக எதையாவது கண்டுபிடிக்க வேண்டும். குழுவுக்கு ஒரு வழிகாட்டி. அவர் ஒன்றையும் கண்டுபிடிக்கக் கூடாது. அந்த இரண்டாவது தகுதி எனக்குப் பிறவியிலேயே இருந்தது. என் மனைவி டோரீன்தான் கொஞ்சம் சந்தேகப்பட்டாள். "குசினி பைப் ஆறு மாசமா ஒழுகுது. மொதல்ல அதுக்கு ஒரு வழி கண்டுபிடிங்க, அப்புறம் ஊருக்கு வழிகாட்டலாம்" என்றாள்.

சனிக்கிழமை தோறும் நோட்டன் பிரிட்ஜிலிருந்து கண்டிக்குப் போனேன். விரிவுரையாளர் நல்ல மனிதர், சிரித்த முகம். பதில் சொல்லாதீர்கள், கேள்வி கேளுங்கள் என்பார். குழுவைச் சின்னதாகத் தோற்க விடுங்கள், அப்போதுதான் பெரிதாகத் தோற்காது என்பார். ஒருநாள், "கட்டடம் எழும்பியதும் சாரக்கட்டைப் பிரித்துவிடுவார்கள். நீங்கள்தான் சாரக்கட்டு" என்றார். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். பிரித்த கம்புகளை எங்கே கொண்டுபோய்ப் போடுவார்கள் என்று கேட்க நினைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

தோட்டத்தில் என் வேலை உங்களுக்குத் தெரியும். கண்டாக்கு. ஆட்கள் வேலைக்கு வரிசையில் வந்து நிற்கும் காலைப் பெரட்டில், எந்த மலையில் இன்றைக்குக் கொழுந்தெடுப்பது என்று சொல்கிறவன். என் குழுவில் வீரய்யா கங்காணி இருந்தார், கொழுந்தெடுக்கும் காளியாயி இருந்தாள், பிறகு பிரேமினி. தாய்மார் மலைக்குப் போனதும் அவர்களுடைய குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்குப் பொறுப்பாக இருந்தவள். எல்லாருக்கும் டீச்சர்.

எங்களுக்குச் சிறுத்தையைவிடக் குளவிக்குத்தான் பயம். குளவியிலிருந்து தப்ப ஒரு வழி கண்டுபிடிப்போம் என்று குழு முடிவு செய்தது. முதல் யோசனை என்னுடையது. வழிகாட்டி யோசனை சொல்லக் கூடாதுதான். ஆனாலும் ஆசை யாரை விட்டது. குளவி கிளம்பினால் கங்காணி ஊத ஒரு பெரிய விசில், அதற்கு ஒரு கணக்கு, இத்தனை ஊதல் என்றால் இந்தப் பக்கம் ஓடு என்று ஒரு திட்டம். படம்கூட வரைந்திருந்தேன்.

காளியாயி படத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தாள். "ஏங்க கண்டாக்கையா, விசிலு ஊதுனா குளவியும் பெரட்டுக்கு வந்து வரிசையா நிக்குங்களா?"

வீரய்யா தலைப்பாகையால் வாயை மூடிக்கொண்டார். பிரேமினி மேசையில் தலை வைத்துச் சிரித்தாள். எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் நான். அது என் பழக்கம் ஐயா. என்னைப் பார்த்து நானே சிரித்துவிட்டால் மற்றவர்கள் சிரிப்பது உறைக்காது என்று ஒரு கணக்கு. அன்றைக்கு அந்தக் கணக்குப் பிழைத்தது.

பிறகு பிரேமினி அந்த வலையைக் கொண்டுவந்தாள். தலைத்துண்டுக்குள் சுருட்டித் தைத்த மெல்லிய வலை. காதோரம் ஒரு நாடா. இழுத்தால் முகத்தை மூடி விழும்; ஓரத்தில் இருக்கிற இலாஸ்டிக் கழுத்தைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும். கூடைக்கயிற்றுக்கு இடைஞ்சல் இல்லை. கொழுந்தெடுக்கிற கையால் ஒரே இழுப்பு. பிறகு இடுப்பில் கட்டியிருக்கும் படங்குச் சாக்கைப் போர்த்திக்கொண்டு செடிக்கடியில் படுத்துவிட வேண்டியதுதான்.

காளியாயிதான் முதலில் போட்டுப் பார்த்தாள். "டீச்சரம்மா, நான் இப்பப் புதுப்பொண்ணு மாதிரி இல்ல?"

"புதுப்பொண்ணு இல்லக்கா. பலகாரத்துக்கு ஈ மொய்க்காம மூடி வச்ச மாதிரி இருக்கீங்க."

"பலகாரம்னாலும் நல்ல பலகாரம்டி. எங்க வீட்டுக்காரரு செத்தும் இன்னும் கனவுல வந்து கேக்குறாரு."

நல்ல வலை. அதை நான் அன்றே புரிந்துகொண்டேன். நான் ஒன்றும் முட்டாள் இல்லை.

பிரேமினி ஆரம்பத்தில் எல்லாவற்றுக்கும் "சேர், என்ன செய்யலாம்?" என்று கேட்டு வருவாள். நான் படித்தபடி பதில் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்பேன். அவள் முகத்தில் வெளிச்சம் வரும். "தேங்க்ஸ் சேர்" என்று ஓடுவாள். அந்த வெளிச்சத்துக்காக நான் கண்டி வரை அல்ல, யாழ்ப்பாணம் வரையும் பஸ்ஸில் நின்றுகொண்டே போயிருப்பேன். கொஞ்ச நாளில், "சேர், இப்படிச் செஞ்சிட்டேன்" என்று வந்தாள். அப்புறம், அவள் என்ன செய்கிறாள் என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். இதை வகுப்பில் சொன்னேன். விரிவுரையாளர் எழுந்து நின்று கை தட்டினார். இதுதான் வெற்றி என்றார். வகுப்பு முழுவதும் கை தட்டியது. நானும் தட்டினேன்.

பத்திரிகையில் படம் வந்தது. நடுவில் பிரேமினி, பக்கத்தில் தோட்டத்தை நடத்தும் துரை, இந்தப் பக்கம் காளியாயி வலையோடு. என்னுடைய முழங்கையும் இருந்தது. நல்ல தெளிவாக விழுந்திருந்தது. டோரீன் அதை வெட்டி அலுமாரிக் கதவில் ஒட்டினாள். வருகிறவர்களிடம், "இது எங்க வீட்டு முழங்கை" என்பாள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

கடைசியில் துரை என்னை பங்களாவுக்குக் கூப்பிட்டார். கம்பெனி தோட்டக் குழுக்களுக்கு வைக்கும் போட்டிக்கு நடுவர்கள் வருகிறார்கள் என்றார். அடுத்த டிப்ளோமாவுக்குப் பிரேமினியை அனுப்பப் போவதாகச் சொன்னார். அது முடிந்ததும் இந்தப் பகுதியில் கம்பெனிக்கு உள்ள எல்லாத் தோட்டத்துக் குழுக்களுக்கும் அவள்தான் வழிகாட்டியாம். "அலோசியஸ், ஒங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். நீங்க ஒண்ணும் செய்யாம இருந்தீங்க பாருங்க, அதுதான் பெரிய உதவி" என்று தோளில் தட்டினார். அவர் கிண்டல் செய்யவில்லை ஐயா. மனதாரத்தான் சொன்னார்.

பங்களாவிலிருந்து இறங்கி வரும்போதுதான், இந்தக் குழு இன்னும் ஒருமுறைகூடத் தோற்கவில்லை என்பது என் மனதில் பட்டது. படிப்பின்படி பார்த்தால் அது ஒரு குறை. ஒரு சின்னத் தோல்வி வந்தால் பிரேமினி தளர்வாள். தளர்ந்தால் கேட்க வருவாள். வந்தால் நான் கேள்வி கேட்பேன். இவ்வளவுதான் நான் நினைத்தது. இதில் யாருக்கும் கெடுதல் நினைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

நடுவர்கள் வருவதற்கு முன்னால் ஒருநாள் பெண்கள் வலையைத் தலையில் வைத்துக்கொண்டே கொழுந்தெடுத்துப் பார்க்க வேண்டும் என்றாள் பிரேமினி. வெக்கையாக இருக்கிறதா, நாடா சிக்குகிறதா என்று பார்க்க. "ஆனா குளவி இல்லாத மலையாப் பார்த்துக் குடுங்க சேர். மனுசர வச்சு நான் சோதன பண்ண மாட்டேன்" என்றாள். சரி என்றேன்.

எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். குளவிக்கூடு கண்ட மலைக்கு ஏறுகிற படியில் கங்காணி சிவப்புத் துணி கட்டுவார். துணி இருந்தால், துரை நேரில் வந்து நின்றாலும் பெண்கள் ஏற மாட்டார்கள். துணி இல்லையென்றால் ஒருவரும் அண்ணாந்து பார்க்க மாட்டார்கள். நேரே நிரைக்குள் இறங்கிவிடுவார்கள். அவ்வளவு நம்பிக்கை அந்தத் துணியில். பதினான்காம் நம்பர் மலையில் ஒரு டர்பன்டைன் மரத்தில் பெரிய கூடு இருந்தது. படியில் வீரய்யா கட்டிய துணியும் இருந்தது. முந்தின நாள் மத்தியானம் போய் அதை அவிழ்த்தேன். முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. பல்லால்தான் அவிழ்க்க வேண்டியதாயிற்று.

காலைப் பெரட்டில் பதினாலு என்றேன். வீரய்யா கிட்டே வந்தார். "ஐயா, பதினாலுக்குத் துணி கட்டியிருக்கேனுங்களே."

"கூட்ட எடுத்தாச்சு கங்காணி. நானே நின்னு எடுக்க வச்சேன். துணியையும் அவுத்தாச்சு."

"நல்லதுங்க ஐயா. அந்த மலையில கொழுந்து முத்திக் கெடக்கு" என்றார். பிறகு நடந்ததற்கு, எடுத்த இடத்திலேயே குளவி திரும்பக் கட்டிவிட்டது என்று நான் சொன்னதை அவர் நம்பினார். அப்படி நடப்பதும் உண்டு. அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

வலைகள் என் அலுவலக அலுமாரியில்தான் இருந்தன. ஒன்றே ஒன்றின் ஓரத்தைப் பிரித்து இலாஸ்டிக்கை உருவினேன். மறுபடி தைத்தும் வைத்தேன். தையல் எனக்கு மோசமில்லை. சின்ன வயதில் அம்மாவிடம் பழகியது. ஒன்று போதும் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் கெடுப்பது பெரிய தோல்வி. ஒன்றைக் கெடுப்பது சின்னத் தோல்வி.

அந்த ஒன்றைக் காளியாயிக்குக் கொடுத்தேன். அதற்குத் தனிக் காரணம் ஏதும் இருந்ததா என்று கேட்கிறீர்கள். நானும் யோசித்துப் பார்த்தேன். அவள் வரிசையில் முன்னால் நின்றாள். அப்படித்தான் இருக்க வேண்டும்.

குளவி தானாகக் கிளம்பவில்லை, ஐயா. மேல் ரோட்டிலிருந்து கல் எறிந்தேன். இளமையில் தோட்டத்து கிரிக்கெட் டீமில் என்னை எல்லைக்கோட்டில்தான் நிறுத்துவார்கள். பந்து பிடிக்க வராது. எறிய வரும்.

பெண்கள் பிரேமினி பழக்கியபடியே செய்தார்கள். ஒருத்தியும் ஓடவில்லை. நாடாவை இழுத்தார்கள், படங்கைப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள். கைகளில் சிலருக்குக் கொட்டு விழுந்தது. முகத்தில் யாருக்கும் இல்லை, காளியாயியைத் தவிர. இலாஸ்டிக் இல்லாத ஓரம் திறந்து கிடக்கும் அல்லவா. வலைக்குள் போன குளவிக்குத் திரும்பி வர வழி தெரியாது. அவளும் அதைக் கழற்றவில்லை. கழற்றாதே, எது நடந்தாலும் கழற்றாதே என்றுதான் டீச்சர் சொல்லியிருந்தாள். கடைசி வரை அவள் அந்தச் சொல்லைக் கேட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனாள். பெட்டி தூக்கியவர்களில் நானும் ஒருவன். அழுதேன். அது நடிப்பில்லை. டோரீனைக் கேட்டுப் பாருங்கள், அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

எனக்குக் கொட்டு விழவில்லையா என்று உங்கள் சார்ஜன்ட் கேட்டார். இல்லை. பிரேமினி எனக்கும் ஒரு வலை தைத்திருந்தாள். தொப்பிக்கு மேலே போடுகிற மாதிரி, கொஞ்சம் பெரிதாக. "சேருக்குத் தல பெருசு, நெறைய மூள" என்று சிரித்துக்கொண்டே தந்தாள். கல்லெறிந்தபோது அதைத்தான் போட்டிருந்தேன். என்னைச் சுற்றிக் குளவி மழை மாதிரி அடித்தது. ஒன்றுகூட உள்ளே வரவில்லை. அருமையான வேலை. வழிகாட்டி என்ற முறையில் அதை நான் சொல்லியாக வேண்டும்.

அதற்குப் பிறகு நடுவர்கள் வரவில்லை. பிரேமினி பிள்ளை மடுவத்துக்கும் போகவில்லை. ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது. "சேர், என் தையல்தான் விட்டிருக்கு. ஒரு வலையில எலாஸ்டிக் வைக்க மறந்துட்டேன் போல. அக்காவ நான்தான் கொன்னுட்டேன். நான் இப்ப என்ன சேர் செய்யிறது?"

என்ன செய்யிறது என்று கேட்டாள், ஐயா. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.

உட்கார வைத்தேன். டோரீன் பிளேன்டீ ஊற்றினாள். நான் பதில் சொல்லவில்லை, கேள்விதான் கேட்டேன். "இதுல இருந்து நீங்க என்ன கத்துக்கிட்டீங்க பிரேமினி?" அவள் அழுதாள். அடுத்த நாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். அவள் சொன்னதையெல்லாம் நான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், அந்த நாட்களில்தான் நான் படித்த படிப்புக்கு ஒரு பயன் கிடைத்தது. அவளை நான் கைவிடவில்லை. மெதுவாக மெதுவாக மறுபடியும் எழுப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவசரம் ஒன்றும் இல்லையே.

நேற்று அவள் வரவில்லை. விசாரித்தால், இங்கே வந்திருக்கிறாள். காளியாயியின் சாவுக்குத் தானே பொறுப்பு என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோட்டம் முழுக்க இன்றைக்கு அதே பேச்சு. டீச்சருக்கு என்ன நெஞ்சுரம், எவ்வளவு நேர்மை, யாருக்கு வரும் இந்தத் துணிச்சல் என்று காளியாயியின் மகளே சொல்லி அழுகிறாளாம். நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அப்படியே பிரஷை வைத்துவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அந்தப் பிள்ளையைக் காப்பாற்றத்தான் வந்தேன், ஐயா. அவளுக்கு வயதிருக்கிறது, திறமையிருக்கிறது. செய்யாத ஒன்றை அவள் சுமக்கக் கூடாது. துணியை அவிழ்த்தது நான். இலாஸ்டிக்கை உருவியது நான். கல்லெறிந்தது நான். யோசித்தது, திட்டம் போட்டது, செய்து முடித்தது எல்லாம் நான் தனியாக. ஒருவரும் உதவவில்லை. பிரேமினிக்கு இதில் எந்தப் பங்கும் கிடையாது, துளிகூட.

இதை அவள் வாக்குமூலத்துக்குக் கீழே சேர்த்து எழுதிவிடாதீர்கள். புதுத் தாளில் தொடங்குங்கள். என் பெயரை முதலில் போடுங்கள். முடிந்தால் பக்கத்தில் டிப்ளோமாவையும்.