மேடைக்குப் பின்னால்

திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வரும் பேருந்தில் ஜன்னலோரம் கிடைக்காத எரிச்சலில் இருந்தேன். பசுமலை வந்ததும் முன் இருக்கைப் பெரியவர் மனைவியிடம் ஒரு மைதானத்தைக் காட்டினார்.

"இங்கதான் எஸ்தர், காலேஜ் படிக்கயில அந்த ராக் கச்சேரி. நான் ஆடுன ஆட்டம் இருக்கே..."

"நான் அன்னிக்குப் பாட்டுக்காரங்க முதுகத்தான் பாத்தேன்."

"நீயும் வந்திருந்தியா? இத்தன வருசமா சொல்லவே இல்லயே!"

"ஹாஸ்டல் பிள்ளைகள வார்டன் மேடைக்குப் பின்னாடி உக்கார வச்சுட்டாங்க. பசங்க கண்ணுல படக்கூடாதாம். எங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் கிடார்காரங்க முதுகும், எதுக்க நின்ன உங்க மூஞ்சிகளுந்தான்."

பெரியவர் மைதானத்தை விட்டு மனைவி பக்கம் திரும்பினார்.

"அப்ப நான் ஆடுனத..."

"நீங்க எங்க ஆடுனீங்க? செருப்போட ஆட முடியாதுன்னு உங்க கூட்டாளிக கழட்டிப் போட்டுட்டுப் போனாங்க. கச்சேரி முடியிற வரைக்கும் அந்தக் குவியலுக்குக் காவலா நின்னீங்க."

அவர் பயணச்சீட்டை மடித்து மடித்துப் பிரித்தார். "பேரப்பிள்ளைக வரைக்கும் ஆடுனேன்னு சொல்லி வச்சிருக்கேனே. நீயும் சிரிச்சுக்கிட்டுத்தான கேட்ட?"

"ஆடணும்னு ஆசை இருந்துச்சுல்ல. சொல்லிட்டுப் போறாருன்னு விட்டுட்டேன்."

பழங்காநத்தத்தில் கூட்டம் ஏறியது. அந்த இரைச்சலில் அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"பொண்ணு பாக்க வந்தப்ப என்னய அடையாளம் தெரிஞ்சுச்சா?"

"தெரியாமலா? அடுத்தவுக செருப்புக்கே அம்புட்டு நேரம் நின்ன ஆளுன்னுதான் எங்கப்பாகிட்ட சரின்னு சொன்னேன்."