வராத ஆறு பேரின் கையெழுத்து

இடுக்கி மாவட்டம், சித்திரபுரத்தில் குடியிருக்கும் காலஞ்சென்ற சிலுவைராஜ் மனைவி மதலேனம்மாள், வயது 66, ஓய்வுபெற்ற எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ், 14.11.2025 காலை பதிவு அலுவலகத்தில் நடந்த மனு விசாரணையில், விசாரணை அதிகாரி முன் தமிழில் சொன்ன வாக்குமூலம்.

நான் மேற்கண்ட விலாசத்தில் தனியாக வசிக்கிறேன். நர்ஸுகள் ஏழு பேர் சேர்ந்து, வயதான நர்ஸுகளுக்கு உதவ ஒரு சங்கம் தொடங்க 2021ஆம் ஆண்டு முடிவு செய்து, வக்கீல் குமஸ்தா பிஜுவிடம் போனோம். அவர், "ஏழு பேர் கையெழுத்து போடாம பதிய முடியாது சேச்சி. ஆபீஸுன்னு ஒரு வீடு வேணும். வருஷா வருஷம் பொதுக்குழு கூடி, நிர்வாகிகள் பட்டியல் கொடுக்கணும்" என்றார். அதன் பிறகு என் வீட்டையே அலுவலகமாக வைக்கச் சம்மதக் கடிதமும் வீட்டு வரி ரசீதும் கொடுத்தேன். ஏழு பேரும் விதிமுறைகளில் கையெழுத்திட்டோம். டிசம்பரில் பதிவானது.

அதன் பிறகு சுருளியம்மாள் மகனோடு திருப்பூர் போய்விட்டார். யோகப்பிரியாவுக்கு எர்ணாகுளத்தில் வேலை கிடைத்தது. இந்த மனுவைக் கொடுத்திருக்கும் ஆனந்தி மஸ்கட் போனார். மற்ற மூவரும் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறார்கள்.

2023 ஜனவரியில் முதல் பொதுக்குழுவுக்கு எல்லோருக்கும் கடிதம் போட்டு, பக்கத்து வீட்டில் நாற்காலி வாங்கிப் போட்டு, புளிச்சோறு கிளறி வைத்தேன். நான்கு மணி வரை யாரும் வரவில்லை. யோகப்பிரியா மட்டும் போனில், "டியூட்டி மாத்தித் தரலக்கா. என் கையெழுத்த நீங்களே போட்டுக்கங்க" என்றார். நான் அவர் கையெழுத்தைப் போட்டேன். அதன் பிறகு மற்ற ஐந்து பேருடையதையும் யாரையும் கேட்காமல் போட்டேன். 2024, 2025 ஆண்டுகளிலும் அப்படியே செய்து பட்டியலைப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பினேன். கூட்டம் நடந்ததாக மினிட்ஸ் புத்தகத்திலும் எழுதினேன். சுருளியம்மாள் முட்டி வலிக்கிறது என்று சாய்வு நாற்காலி கேட்டதாகவும், மழை பிடித்துக்கொண்டதால் எல்லோரும் இருட்டும் வரை இருந்ததாகவும் எழுதினேன். பட்டியல் போதுமே, இதையெல்லாம் ஏன் எழுதினீர்கள் என்று அதிகாரி கேட்டார். எழுதும்போது வீட்டில் ஆள் இருந்த மாதிரி இருந்தது என்றேன்.

தன் பெயரை நீக்கச் சொல்லி ஆனந்தி பதிவு அலுவலகத்தில் நகல் வாங்கியபோது, தான் மஸ்கட்டில் இருந்த தேதியில் தன் கையெழுத்து இருப்பதைப் பார்த்து இந்த மனுவைக் கொடுத்திருக்கிறார். அது நான் போட்டதுதான்.

இன்று அதிகாரி மினிட்ஸ் புத்தகத்தை ஆனந்தி முன்னிலையில் படித்தார். 2024ஆம் ஆண்டுப் பக்கத்தில், வட்டவடையில் காலமான ஆனந்தியின் தாயாருக்கு இரண்டு நிமிடம் எழுந்து நின்று அஞ்சலி செலுத்தப்பட்டது என்று இருந்தது. ஆனந்தி அதைத் திரும்பப் படிக்கச் சொன்னார். அதன் பிறகு, "அக்கா, யாரு எந்திரிச்சு நின்னது?" என்று கேட்டார்.

"நான் மட்டுந்தாம்மா. கடிகாரத்தப் பாத்து ரெண்டு நிமிசம் நின்னேன்" என்றேன்.

"நான் அடக்கத்துக்குக்கூட வரலியேக்கா" என்றார்.

அவர் மனுவைத் திரும்பப் பெறவில்லை. நானும் கேட்கவில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, அத்தனையும் உண்மை. என் பெயருக்கு மட்டும் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) மதலேனம்மாள்