மன்ரோவுக்குக் காட்டிய மஞ்சள் அட்டை

ஆட்டம் உள்ள சனிக்கிழமைகளில் நான் மதியம் சாப்பிடுவதில்லை. காலையில் ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி, கிளம்பும்போது ஒரு வாழைப்பழம், அவ்வளவுதான். வயிறு நிறைந்தால் கால் கனக்கும், கவனம் சிதறும். என் மனைவி ஷீனா சாண்ட்விச் கட்டிக் கொடுப்பாள். திரும்பி வரும்போது காரை ஓரமாக நிறுத்திவிட்டுத் தின்பேன்.

வார நாட்களில் நான் பெர்த் நகரத்தில் பல் மருத்துவன். சனிக்கிழமை கால்பந்து நடுவர். ஸ்காட்லாந்தின் இரண்டாம் அடுக்கு லீக்கில் விசில் ஊதிக் குடும்பம் நடத்த முடியாது. என்னோடு ஊதியவர்களில் ஒருவர் தபால்காரர், இன்னொருவர் பள்ளிக்கூட வாத்தியார். கீழ் லீக்குகளில் மழையிலும் சேற்றிலும் ஓடி ஓடி மேலே வந்தவன் நான். அந்த ஆகஸ்டில் சீசன் தொடங்கியபோது, அடுத்த வருடம் இந்த அலிஸ்டர் கேர்ன்ஸ் முதல் அடுக்கில் ஊதுவார் என்று எல்லோரும் பேசினார்கள். நானும் ஷீனாவிடம் சொல்லி வைத்திருந்தேன். அது நடந்திருக்க வேண்டியது.

லாக்லன் மன்ரோவை நான் முதலில் பார்த்தது அந்த சீசனின் தொடக்க ஆட்டத்தில். ஸ்ட்ராத்கெரன் அணிக்காகக் கோல் அடிக்கிறவன். செம்பட்டை முடி, ஒல்லி உடம்பு, எப்போதும் ஒரு சிரிப்பு. அந்தக் கடலோர ஊரில் பாதிப் பேர் மீன் ஆலையில் வேலை செய்கிறவர்கள். அவன் அம்மாவும் அங்கேதான் இருந்தாள். ஊரே அவனைத் தன் வீட்டுப் பிள்ளையாக நினைத்தது.

ஆட்டம் முடியப்போகும் நேரம் அவன் கோலுக்கு முன்னால் விழுந்தான். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு அலறினான். பெனால்டி கொடுத்தேன். அதை அவனே அடித்தான், அணி ஜெயித்தது. சாயங்காலம் தொலைக்காட்சியில் அந்தக் காட்சியை மெதுவாக ஓட்டிக் காட்டினார்கள். அவனை யாரும் தொடவே இல்லை. விழுந்து கிடந்தபடியே கேமராவைப் பார்த்துக் கண்ணடித்திருக்கிறான்.

திங்கட்கிழமை ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்த கிழவி நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டாள்: "டாக்டர், பல்லாவது ஒங்க கண்ணுக்குத் தெரியுமா, இல்ல அதுவும் சந்தேகந்தானா?" என் உதவியாளர் பெண் இடுக்கியோடு அப்படியே திரும்பி நின்று சிரித்தாள். நானும் சிரித்தேன். பல்லைச் சுத்தமாகப் பிடுங்கினேன்.

நவம்பரில் மறுபடி அதே அணி, அதே ஆள். மறுபடி விழுந்தான். இந்த முறை நான் ஏமாறவில்லை. ஆட்டத்தைத் தொடரச் சொல்லிக் கையசைத்தேன். அவன் சட்டையைக் கழற்றி, தோளில் பூட்ஸ் ஆணி கிழித்த காயத்தைக் காட்டினான். ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் வந்து தணிந்த குரலில், "நெசமா விழுந்தா நம்ப மாட்டீரு, பொய்யா விழுந்தா நம்புறீரு. நான் என்னதான்யா பண்றது, பல் டாக்டரே?" என்றான். அதைச் சொல்லும்போதும் சிரித்தான்.

அந்த ஆட்டத்துக்குப் பிறகு நடுவர்களை மதிப்பிடுகிற அதிகாரி எனக்குத் தொலைபேசியில் பேசினார். நல்ல மனிதர். "அலிஸ்டர், இந்த வருஷம் வேணாம். கொஞ்சம் ஆறப்போடுவோம்" என்றார். அடுத்த வருஷம் மேலே போக எனக்கு வயது கடந்துவிடும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஜனவரியில் ஸ்ட்ராத்கெரனில் ஆட்டம். கடல் காற்று ஊசியாகக் குத்தியது. மைதானத்தில் நுழைந்து அணித்தலைவர்களோடு கைகுலுக்கிக்கொண்டிருந்தபோது மன்ரோ முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கட்டு கேரட்டை எடுத்து என்னிடம் நீட்டினான். "தெனம் ஒண்ணு சாப்புடுங்க ரெஃப். கண்ணுக்கு நல்லதாம், எங்கம்மா சொல்லிச்சு." மைதானமே சிரித்தது. ஆட்டுக்கறி அடைத்த அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தவர்கள் அது சிந்துவதுகூடத் தெரியாமல் சிரித்தார்கள். நான் கேரட்டை வாங்கி எல்லைக்கோட்டு உதவியாளரிடம் கொடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடங்கினேன். வேறென்ன செய்வது?

அன்று இரவுச் செய்தியில் அதைக் காட்டினார்கள். ஷீனாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பையன் சும்மா வெளையாடுறான், அலிஸ்டர். நீயும் ஒரு கேரட்ட எடுத்துக் கடிச்சிருந்தா அதோட முடிஞ்சிருக்கும்ல?"

"ஆமா. தோணல" என்றேன்.

எனக்குக் கோபம் இருந்ததா என்று நேற்றும் கேட்டீர்கள். இல்லை. கோபப்படுகிறவன் நடுவராக இருக்க முடியாது. எங்கே போனாலும் கேரட். கிளினிக் வாசலில் கேரட், காரின் கண்ணாடித் துடைப்பானில் செருகிய கேரட், என் மகள் கல்யாண விருந்தில் மாப்பிள்ளையின் நண்பர்கள் என் தட்டில் மட்டும் அடுக்கி வைத்த கேரட். எல்லாவற்றையும் எடுத்துக் குப்பையில் போட்டேன். ஒருவரையும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்டுப் பாருங்கள்.

மே மாதம் கடைசி ஆட்டம், அதே ஊரில். ஜெயித்தால்தான் ஸ்ட்ராத்கெரன் இரண்டாம் அடுக்கில் தங்கும். இல்லாவிட்டால் கீழே இறங்க வேண்டும். அந்த ஆட்டம் எனக்கு வந்திருக்கக் கூடாது. ஊத வேண்டியவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, என்னைக் கூப்பிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு கடமை என்று வந்தபின் நான் தட்டிக்கழிப்பதில்லை.

இரண்டாம் பாதி. யாரும் கோல் அடிக்கவில்லை. வெயில் அடித்தது, அந்த ஊரில் அது அதிசயம். பந்து எதிரணியிடம் இருந்தது. அதைத் துரத்திப் பின்னால் ஓடி வந்த மன்ரோ, மைதானத்தின் நடுவில், எனக்குக் கைக்கெட்டும் தூரத்தில் தடுமாறினான். முழங்கால் மடங்கியது. விழுந்தான்.

இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். நடிக்கிறவன் விழும்போது கையை ஊன்றுவான். எவ்வளவு கெட்டிக்காரனானாலும் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளும். மன்ரோ கையை ஊன்றவில்லை. முகம் நேராகப் புல்லில் போய் மோதியது. பிறகு புரண்டு மல்லாந்தான். நான் குனிந்து பார்த்தேன். பல் மருத்துவன் நாள் முழுக்கப் பார்ப்பது உதடுகளைத்தான். அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. நாற்காலியில் யாருக்காவது இதயம் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்று வருடாவருடம் எங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். மின் அதிர்ச்சி கொடுத்து இதயத்தை மறுபடி ஓடவைக்கும் இயந்திரம் ஒன்று என் கிளினிக் சுவரில் மாட்டியிருக்கிறது. அந்த மைதானத்திலும் ஒன்று இருந்தது. விசில் ஊதினால் அணியின் வைத்தியக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவார். நான் ஊதாமல் அவர் எல்லைக்கோட்டைத் தாண்டி வரக்கூடாது. விதி அது.

மன்ரோ என்னைப் பார்த்தான். "டாக்டர்" என்றான். 'பல்' இல்லை, வெறும் டாக்டர்.

நான் நிமிர்ந்து, ஆட்டம் தொடரட்டும் என்று இரண்டு கைகளையும் வீசிக் காட்டினேன்.

எதிரணியின் தடுப்பாட்டக்காரன் ஒருவன் திரும்பிப் பார்த்துவிட்டு, "ரெஃப், இவனுக்கு என்னமோ ஆயிப்போச்சு" என்றான்.

"ஒண்ணும் ஆகல. எந்திரிப்பான். நீ பந்தப் பாரு" என்றேன்.

அவன் பந்தைப் பார்க்கப் போனான். மன்ரோவின் சொந்த அணித்தலைவன் கிரேக் டவ்னியே ஓடிக்கொண்டே சிரித்தான்: "எந்திரிடா லாக்கி, இன்னைக்கு ஒன் நாடகத்துக்கு டிக்கெட் வாங்க ஆளில்ல." வெளியூர் ரசிகர்கள் கைதட்டினார்கள். உள்ளூர்க்காரர்கள் வழக்கம்போல என்னைத் திட்டினார்கள். பந்து எல்லைக்கு வெளியே போகும்வரை நான் அதன் பின்னால் ஓடினேன். போனது. திரும்பி நடந்து வந்தேன். மெதுவாகத்தான் நடந்தேன், ஓட வேண்டிய விதி எதுவும் இல்லை. சட்டைப்பையிலிருந்து மஞ்சள் அட்டையை எடுத்து, கிடந்தவன் மேல் உயர்த்திக் காட்டினேன். ஏமாற்றுவதற்காக விழுந்ததற்கு அதுதான் தண்டனை. அப்போது அவன் கண் திறந்திருந்தது. ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

வைத்தியக்காரர் என் அனுமதிக்குக் காத்திராமல் ஓடி வந்தார். இயந்திரத்தை வைத்தார்கள். நெஞ்சை அழுத்தினார்கள். நானும் மண்டியிட்டு மாறி மாறி அழுத்தினேன், நன்றாகவே அழுத்தினேன். அதற்குள் காலம் கடந்திருந்தது. அந்த சீசனில் முதல் முறையாக அந்த ஊர் என்னைப் பார்த்து எதுவும் சொல்லவில்லை.

விசாரணை நடந்தது. அவன் எத்தனை முறை பொய்யாக விழுந்திருக்கிறான் என்று காட்சிகளைப் போட்டுப் பார்த்தார்கள். யாராக இருந்தாலும் இப்படித்தான் நினைத்திருப்பார்கள், இது மனிதர் யாருக்கும் நேரக்கூடிய பிழை என்று முடித்தார்கள். டவ்னி கால்பந்தையே விட்டுவிட்டான். ஒருநாள் குடித்துவிட்டு என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து, "நான் சிரிச்சேன் சார், அவன் சாகறப்ப நான் சிரிச்சேன்" என்று அழுதான். "யாருக்கும் தெரிஞ்சிருக்க முடியாதுப்பா" என்று அவன் முதுகைத் தடவிக் கொடுத்தேன். தேநீர் போட்டுக் கொடுத்தேன். ஷீனா அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ எவ்வளவு நல்லவன்" என்றாள்.

பிறகு மன்ரோவின் அம்மா வந்தாள். பெயர் எஃபி. ஆலை உடுப்போடு கிளினிக்குக்கே வந்துவிட்டாள். வீட்டில் செய்த சர்க்கரை மிட்டாயை ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தாள். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் கையில் மீன் வாடை அடித்தது.

"தூங்குறீங்களா டாக்டர்?"

"தூங்குறேம்மா."

"தூங்குங்க. அவன் பண்ணுன சேட்டைக்கு நீங்க என்ன பண்ணுவீங்க? தப்பு யாரு பண்ணல? ஒங்க மேல எனக்கு வருத்தமே கெடையாது. கேரட்டு விஷயம் கேட்டப்பவே திட்டுனேன் அவன. பெரிய மனுசர்டா, மன்னிப்புக் கேளுடான்னேன். சீசன் முடிஞ்சதும் கேக்குறேம்மான்னான்."

அவள் போனதும் மிட்டாயைக் குப்பையில் போட்டேன். உள்ளே ஏதோ கொதித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என்னை மன்னிக்க இவள் யார்? தப்பு என்று யார் இவளுக்குச் சொன்னது?

அதன் பிறகும் பொறுத்துக்கொண்டேன். மைதானத்தில் ஒரு பக்கத்துக்கு அவன் பெயர் வைத்தார்கள், பொறுத்துக்கொண்டேன். கடந்த வாரம் புது நடுவர்களுக்கான வகுப்பு ஒன்றுக்கு என்னை விருந்தினராகக் கூப்பிட்டார்கள். போனேன். திரையில் அந்தக் காட்சியை ஓட்டினார்கள். நான் கையை வீசுகிறேன், நடந்து வருகிறேன், அட்டையைக் காட்டுகிறேன். வகுப்பு எடுத்தவர் என்னை அன்போடு பார்த்துவிட்டுச் சொன்னார்: "கேர்ன்ஸ் மாதிரி அனுபவசாலியே சரியாப் பார்க்கலைன்னா, நீங்க எவ்வளவு கவனமா இருக்கணும்னு யோசிங்க." எல்லோரும் பரிதாபமாகத் தலையாட்டினார்கள்.

அங்கிருந்து நேராக உங்கள் காவல் நிலையத்துக்கு வந்தேன். யாரும் என்னைக் கூட்டி வரவில்லை. அவன் சாக வேண்டும் என்று நினைத்தீர்களா என்று கேட்கிறீர்கள். அப்படி நினைத்ததாக நினைவில்லை. அவன் சாகிறான் என்று தெரியும், விசில் என் வாயில் இருந்தது, ஊதவில்லை. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொலை என்று எழுதினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நான் சரியாகப் பார்க்கவில்லை என்று மட்டும் இனி எவரும் சொல்லக் கூடாது. அந்த மைதானத்தில் அன்று எல்லாவற்றையும் சரியாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.