மருமகள் எந்த ஊர் டீம்?

சொக்கம்மாள்: நீயே சொல்லுய்யா... இது எந்த ஊரு நியாயம்? பொண்ண கட்டிக்கினு வந்தது காவாந்தண்டலம். கப்ப தூக்கிக்கினு போறது உத்திரமேரூரா?

தாண்டவராயன்: அநியாயம்தான்மே.

சொக்கம்மாள்: இன்னா, முணுமுணுக்கிற? சத்தமா சொல்லு. உன் மருமவ இல்ல அவ?

தாண்டவராயன்: அநியாயம்! பகல் கொள்ளை!

தாமோதரன்: நைனா, தெருவே திரும்பிப் பாக்குது.

சொக்கம்மாள்: பாக்கட்டும்டா. நான் இன்னா பொய்யா சொல்லிக்கினு கீறேன்? போன வருசம் காஞ்சிவரத்துல பாஸ்கெட்பால் பைனலு, நமக்கும் உத்திரமேரூருக்கும். நம்ம பொண்ணுங்க அஞ்சு பேரையும் அவ ஒருத்தி சுத்திச் சுத்தி வந்து... பந்து வளையத்துல உயுறதே தெரியல. வலை ஆடறதுதான் தெரிஞ்சிது. அந்த நெட்டப் பொண்ண பாத்துட்டு அங்கயே நான் சொன்னேனா இல்லியா?

தாமோதரன்: சொன்ன. 'அவ காலு சுளுக்கிக்கட்டும்'னு சொன்ன.

சொக்கம்மாள்: அது மொதப் பாதியில. ரெண்டாவது பாதியில?

தாமோதரன்: 'இவள நம்ம வூட்டுக்கு மருமவளா இட்டாந்துட்டா அடுத்த வருசம் கப்பு நம்ம ஊர்ல'ன்னு சொன்ன. என்னை ஒரு வார்த்த கேக்கல.

சொக்கம்மாள்: கேட்டிருந்தா மட்டும் வேணாம்னுருப்பியா? பொண்ணு பாக்கப் போன எடத்துல வாய்ல போட்ட பஜ்ஜிய முழுங்க மறந்து ஒக்காந்தவன்தானே நீ.

தாமோதரன்: அம்மா...

தாண்டவராயன்: நான் அப்பவே சொன்னேன். நம்ம பையன உட நாலு விரக்கட ஒசரமா கீதேன்னு.

சொக்கம்மாள்: ஒசரமா இருந்தா இன்னா? வளையத்துக்கு அவ்ளோ கிட்ட கீறா.

தாமோதரன்: அப்ப எனக்கு பொண்ணு பாத்தியா, டீமுக்கு ஆள் எடுத்தியா?

சொக்கம்மாள்: ரெண்டுந்தான். உனக்கு இன்னா கொறைஞ்சி போச்சி? எப்பப் பாரு அவ பின்னாலயே சுத்திக்கினு கீற. எனக்குத்தான் நஷ்டம்.

தாமோதரன்: நஷ்டம்னா அது நீயா தேடிக்கினது. கல்யாணத்த தையில வெச்சிக்கலாம்னுதான் அவுங்க சொன்னாங்க. நீதான் 'காஞ்சிவரம் மேட்சுக்கு முன்னால பொண்ணு எங்க வூட்ல இருக்கணும்'னு வைகாசியிலயே முடிக்க வெச்ச.

சொக்கம்மாள்: ஆமா. வெச்சேன். அதுக்கு இன்னா இப்போ?

தாமோதரன்: வைகாசியில கட்டினா அடுத்தது ஆனி. ஆனி முடிஞ்சா?

சொக்கம்மாள்: ஆடி.

தாமோதரன்: தலை ஆடிக்கு புதுப் பொண்ணு எங்க இருக்கும்?

சொக்கம்மாள்: அம்மா வூட்ல. போதும்டா, குத்திக் காட்டாத. மேட்சு ஆடியிலதான்னு தெரிஞ்சும் தலை ஆடிய மறந்துட்டேன். ஆளு ஆளுக்கு கேலி பண்றாங்க. கொளத்தாண்ட போனா 'ஆடி மாசம்னு ஒண்ணு கீது தெரியுமா சொக்கம்மா'ன்னு கேக்குறாளுங்க.

தாண்டவராயன்: அவளுங்க கெடக்கறாளுங்க.

சொக்கம்மாள்: நீ மட்டும் இன்னாத்த செஞ்ச? கமிட்டிக்காரங்கிட்ட போயி பேசிட்டு வாய்யான்னு அனுப்பினா, தலைய ஆட்டிட்டு வந்து நின்ன.

தாண்டவராயன்: பேசினேன்மே. அந்த மாசம் பொண்ணு எந்த ஊர்ல தங்கிக்கினு கீதோ அந்த ஊருக்குத்தான் ஆடணும்னுட்டாங்க.

சொக்கம்மாள்: தங்கறதுன்னா இன்னா? தாய் வூட்டுக்கு விருந்தாளியா போறவ. விருந்துக்குப் போன எடத்துல எவளாவது பந்து போடுவாளா? இத கேட்டியா நீ?

தாண்டவராயன்: கேட்டேன்.

சொக்கம்மாள்: அதுக்கு இன்னா சொன்னான்?

தாண்டவராயன்: டீ வாங்கிக் குடுத்தான்.

சொக்கம்மாள்: குடிச்சிட்டு வந்துட்ட!

தாமோதரன்: உடும்மா. ஆடி போனா ஆவணி. செங்கல்பட்டு மேட்சு கீதே, அதுல நமக்குத்தானே ஆடப் போவுது.

சொக்கம்மாள்: செங்கல்பட்டுல ஜெயிச்சா இன்னா குடுப்பான்? எவர்சில்வர் சொம்பு. கப்பு காஞ்சிவரத்துலதான்டா கீது. இவ்ளோ பேசறியே... ஆமா, அப்பனும் புள்ளையும் விடியறதுக்குள்ள எங்க போய்ட்டு வரீங்க?

தாண்டவராயன்: மடை திருப்ப.

சொக்கம்மாள்: ரெண்டு பேருமா?

தாமோதரன்: பெரிய மடைம்மா.

சொக்கம்மாள்: காலு நனையவே இல்ல?

தாமோதரன்: தண்ணி... கொஞ்சமாத்தான் வந்துது.

சொக்கம்மாள்: பெரிய மடை. கொஞ்சம் தண்ணி. சரி சரி. லச்சுமி எங்க?

தாமோதரன்: ஆதிலட்சுமியா?

சொக்கம்மாள்: உனக்கு எத்தினி பொண்டாட்டிடா கீறா?

தாமோதரன்: பம்புசெட்டுக்குப் போயிருக்கும்மா. துணி அலச.

சொக்கம்மாள்: ஓகோ. சரி, அவ வர்றதுக்குள்ள நான் சொல்றத ரெண்டு பேரும் கேளுங்க. நாளைக்கு ஆடி பொறக்குது. இன்னிக்கி மத்தியான பஸ்ல அவ அண்ணன் வீராசாமி சீர்த் தட்டோட கூட்டிக்கினு போவ வருவான். அவன் உள்ள நொழையறப்ப நான் படுத்துக்கினு இருப்பேன். தலையில ஈரத்துணி. நெத்தியில பத்து.

தாண்டவராயன்: உனக்கு இன்னாமே ஒடம்பு?

சொக்கம்மாள்: ஜொரம். மாமியாக்காரி ஜொரத்துல கெடக்கறப்ப மருமவ எப்டி கெளம்புவா? 'அடுத்த மாசம் வா நைனா'ன்னு சொல்லி அனுப்பிடலாம்.

தாமோதரன்: உனக்கு ஜொரம்னா நம்புவாங்களா? நீ கெய்வியாட்டம் மொனகினாலே எட்டு வூட்டுக்கு கேக்கும்.

சொக்கம்மாள்: அத நான் பாத்துக்கறேன். நீ போயி லச்சுமிய கூட்டியா. எப்டி நடந்துக்கணும்னு அவளுக்கும் சொல்லி வெக்கணும்.

தாமோதரன்: இப்பவா?

சொக்கம்மாள்: பின்ன, வீராசாமி வந்து ஒக்காந்ததுக்கு அப்பறமா?

தாமோதரன்: நாஷ்டா துன்னுட்டு போறேம்மா.

சொக்கம்மாள்: அவளும் வரட்டும். எல்லாரும் ஒண்ணா துன்னலாம்.

தாண்டவராயன்: துணி... நெறைய கீதுன்னு சொல்லிச்சி.

சொக்கம்மாள்: உங்கிட்ட சொன்னாளா?

தாண்டவராயன்: சொல்லல. நானா நெனச்சிக்கினேன்.

தாமோதரன்: அம்மா, நான் ஒண்ணு கேக்கறேன். லச்சுமி இல்லாட்டி நம்ம டீமு தோத்தே பூடுமா? பாஞ்சாலி இல்ல? அவ ஓடற ஓட்டத்துக்கு யாரு கீறா?

சொக்கம்மாள்: பாஞ்சாலியா? ஓட்டம் சரி. யாரு இல்லன்னது? பகல் பூரா நாத்து நட்டுட்டு வந்து அப்டியே சேத்துக் காலோட ஓடறா, எனக்கே கண்ணு பட்டுடும். ஆனா பந்து போட்டாள்னா? வளையத்துக்கா போவுது? பள்ளிக்கூடத்து ஓட்டு மேல போயி உயுவுது.

தாமோதரன்: சிட்டம்மாள்?

சொக்கம்மாள்: அவ பந்து வந்தா கண்ண மூடிக்கறாடா! டிரில் மாஸ்டரு ஊதி ஊதி வாயே வீங்கிப் போச்சி.

தாண்டவராயன்: செங்கேணி நல்லா ஒசரமா புடிப்பாளே.

சொக்கம்மாள்: புடிப்பா. புடிச்சிட்டு குடுக்க மாட்டா. பெத்த புள்ளையாட்டம் கட்டிக்கினு நிப்பா. இவளுங்கள வெச்சிக்கினு, ரெண்டு பனைமரத்துல வளையத்த அடிச்சி, மாடு மேயற எடத்துல ஆடக் கத்துக்கினு... அதுக்கே பைனல் வரைக்கும் போனாளுங்களே, அது பெரிசு இல்ல? நடுவுல ஒருத்தி நெட்டயா நின்னிருந்தா போதும், கப்பு நம்ம பஞ்சாயத்து போர்டுல இருந்திருக்கும். வயிறு எரியுதுடா எனக்கு.

தாமோதரன்: லச்சுமி சாயங்காலத்துல பாஞ்சாலிக்கு கை வைக்கறது எப்டின்னு சொல்லிக் குடுத்துக்கினு கீதும்மா. முன்ன மாதிரி ஓட்டு மேல போறதில்ல இப்ப.

சொக்கம்மாள்: தெரியும். நான்தான் ஓரமா நின்னு பாத்துக்கினு இருந்தேனே. சரி, போ. கூட்டியா.

தாமோதரன்: யார?

சொக்கம்மாள்: உம் பொண்டாட்டிய!

தாமோதரன்: தோ... செருப்ப தேடிக்கினு கீறேம்மா.

சொக்கம்மாள்: நீ போறியா, நானே பம்புசெட்டு வரைக்கும் போவட்டுமா?

தாண்டவராயன்: வேணாம்மே!

தாமோதரன்: வேணாம்மா!

சொக்கம்மாள்: ஏன், வழியில புலி படுத்துக்கினு கீதா?

தாண்டவராயன்: அவ... பம்புசெட்ல இல்லமே.

சொக்கம்மாள்: பின்ன?

தாண்டவராயன்: நீ சொல்லுடா.

தாமோதரன்: நீ சொல்லு நைனா. நீ பெரியவன்.

தாண்டவராயன்: தாலி கட்டினவன் நீ.

தாமோதரன்: யோசன சொன்னது நீ.

சொக்கம்மாள்: எவனாவது ஒருத்தன் வாய தொறங்கடா!

தாமோதரன்: மொத பஸ்ல ஏத்தி உட்டுட்டோம்மா. வீராசாமி மச்சானுக்கு நேத்தே போயி சொல்லிட்டேன். மத்தியானம் வராதீங்க, விடிகாலையில வந்துடுங்கன்னு. ஸ்டாப்பிங்லயே நின்னு... அப்டியே கூட்டிக்கினு போய்ட்டாரு.

சொக்கம்மாள்: ஸ்டாப்பிங்லயா? தலை ஆடிக்குப் பொண்ண அழைக்க வந்தவன் சம்மந்தி வூட்டு வாசல் மிதிக்காம போய்ட்டானா? ஏன், இந்த வூட்ல பேயா கீது?

தாண்டவராயன்: பேய் இல்லமே... நீ கீறியேன்னுதான்.

சொக்கம்மாள்: இன்னா?

தாண்டவராயன்: இல்ல... நீ ஜொரத்துல படுத்துக்கினா, நாங்க இன்னா செய்யறது?

சொக்கம்மாள்: அப்ப நான் ஜொரம்னு சொல்லுவேன்னு முன்னமே தெரியுமா உனக்கு?

தாண்டவராயன்: ஜொரமோ, இடுப்பு வலியோன்னு பேசிக்கினோம்.

சொக்கம்மாள்: பேசிக்கினீங்களா! அப்பனும் புள்ளையும் ஒக்காந்து, எனக்கு எந்த நோவு வரும்னு பேசிக்கினீங்களா! நான் இன்னா ராட்சசியா? ஆசையா இட்டாந்த மருமவள திருட்டு ஆடு கடத்தறாப்ல இருட்டோட இருட்டா கடத்திக்கினு போயி... ஒரு தட்டு இல்ல, ஒரு தாம்பூலம் இல்ல. ஊரு இன்னா சொல்லும்? 'சொக்கம்மாவுக்கு பயந்துக்கினு பொண்ணு ஓடிப்போச்சி'ன்னு சொல்லாது?

தாமோதரன்: கோவப்படாதம்மா. அதப் பாக்க முடியல என்னால.

சொக்கம்மாள்: எத?

தாமோதரன்: உத்திரமேரூர் டீம்ல லச்சுமியோட சேத்து கீற அஞ்சு பொண்ணுங்களும் ஆறாங் கிளாஸ்லருந்து ஒண்ணா ஆடறவங்க. ஆவணியில தேவகிக்கு கல்யாணம், வேலூரு போயிடும். அம்முலு டீச்சர் டிரெயினிங் போவுது. இந்த ஆடிதான் அவுங்க அஞ்சு பேரும் ஒண்ணா நிக்கறது. இதுக்கு அப்பறம் இல்ல.

சொக்கம்மாள்: இத அவ எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?

தாமோதரன்: எங்கிட்டயே சொல்லலம்மா. மச்சான் சொல்லித்தான் தெரியும். நான் கேட்டதுக்கு 'அத்தை இருக்கச் சொன்னா இங்கயே இருந்து ஆடறேன்'னுச்சி. சொல்லிட்டு, கொல்லப்பக்கமா போயி சும்மா நின்னுக்கினு இருந்துச்சி. பந்து கையில இருந்துது. தட்டவே இல்ல.

தாண்டவராயன்: கல்யாணமாகி வந்ததுலருந்து அந்தப் பொண்ணு பந்து தட்டற சத்தம் கேக்காத நாளு எது சொல்லு? எனக்கும் மனசு கேக்கல. அதான் நான் சொன்னேன், 'கெளம்பு தாயி, அத்தைய நான் பாத்துக்கறேன்'னு.

சொக்கம்மாள்: நீ? என்னை? பாத்துக்குவியா?

தாண்டவராயன்: ஒரு தைரியத்துல சொல்லிட்டேன்.

தாமோதரன்: திட்டறதுன்னா என்னை திட்டும்மா. அதை ஒண்ணும் சொல்லாத. ராத்திரி பூரா 'அத்தைகிட்ட சொல்லாம எப்டி போறது'ன்னு கேட்டுக்கினேதான் இருந்துது. விடிகாலையில கொல்லப்பக்கம் போய்ட்டு வந்ததுந்தான் கேக்கறத நிறுத்துச்சி.

சொக்கம்மாள்: நிறுத்திட்டாளா?

தாமோதரன்: ஆமா. அதுக்கு அப்பறம் சிரிச்சிக்கினே இருந்துது. எனக்கே புரியல.

தாண்டவராயன்: எனக்கும் ஒண்ணு புரியலடா. பஸ் ஏறும்போது வெளக்கு வெளிச்சத்துல பாத்தேன். தல கொள்ளாம மல்லி. கோயில் கடையே தொறக்காத நேரத்துல அந்தப் பொண்ணுக்கு யாரு பூ குடுத்துருப்பா?

தாமோதரன்: நான் வாங்கித் தரல நைனா. பையில கூட மஞ்சா, குங்குமம், வெத்தல பாக்கெல்லாம் இருந்துது. நீதான் வெச்சேன்னு நெனச்சேன்.

தாண்டவராயன்: எனக்கு அதெல்லாம் எங்க கீதுன்னே தெரியாதே... ஏமே... சொக்கு... இன்னாமே, பேசாம கீற?

சொக்கம்மாள்: இன்னாத்த பேசறது உங்கிட்ட? நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு இருக்கறப்ப பின்னால வந்து கால்ல உயுந்துட்டுத்தான்டா போனா. உங்கள மாதிரி புளுக வராது அவளுக்கு. நான்தான் தலை பின்னி, சாமிக்கு வெச்சிருந்த பூவ எடுத்து சூட்டி, பையில தாம்பூலமும் வெச்சி உட்டேன்... நீங்க ரெண்டு பேரும் எப்ப உண்மைய சொல்லுவீங்கன்னு விடிஞ்சதுலருந்து பாத்துக்கினு கீறேன், வாயில வர்றதெல்லாம் மடையும் பம்புசெட்டுமா கீது! நம்ம ஊருக்கு அநியாயந்தான், இப்பவும் சொல்லுவேன். ஆனா அவளாண்ட ஒண்ணு சொல்லித்தான் அனுப்பினேன்: 'எதிர்ல நிக்கறது புருசன் ஊராச்சேன்னு ஒரு பந்தக்கூட நீ உட்டுக்குடுத்தேன்னு வெச்சிக்க, ஆவணி பொறந்தாலும் என் வாசப்படி மிதிக்காதே!'